410, 411: கன்ட்ரோல் சொன்ன இடத்துக்கு ஆக்சிஸ் ஏன் வரவில்லை?

கோவையில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. அங்கிருந்த விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) ஒன்று காலை ஷிஃப்ட்டில் மட்டும், ஹெட் ஏறி இறங்கும் இசட் ஆக்சிஸில் 411 அலாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. "ரீசெட் பண்ணினா ஓடுதுங்கண்ணா. ஒரு மணி நேரம் போச்சுன்னா அப்புறம் வர்றதே இல்ல" என்றார் ஆபரேட்டர். நான் போவதற்கு முன்பே டிரைவை (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டி) மாற்றியிருந்தார்கள். மோட்டாரைக் கழற்றி வெளியே அனுப்பலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புது டிரைவ் போட்ட மறுநாள் காலையும் அலாரம் தவறாமல் வந்தது.

திரையில் 'சர்வோ அலாரம்' என்று பார்த்ததும் எல்லோருடைய கையும் எலக்ட்ரிக்கல் பேனல் கதவுக்குத்தான் போகிறது. பெயர் அப்படி. ஆனால் இந்த அலாரம் எந்தப் பாகத்தையும் கைகாட்டுவதில்லை. 'நான் சொன்ன இடம் ஒன்று, ஆக்சிஸ் இருக்கும் இடம் வேறு, இடையிலுள்ள தூரம் அளவு மீறிவிட்டது' என்பது மட்டும்தான் அது சொல்லும் செய்தி. ஏன் மீறியது என்பது மெஷினை ஓட்டும் கணினியான கன்ட்ரோலுக்கே தெரியாது. டிரைவ் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலோ, மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று அளந்து சொல்லும் என்கோடர் பேசாமல் போனாலோ பெரும்பாலும் அதற்கென்று தனி அலாரம் வந்துவிடும். வேறு அலாரம் எதுவும் இல்லாமல் இது மட்டும் தனியாக வந்தால், என் சந்தேகம் முதலில் மெக்கானிக்கல் பக்கம்தான் போகும்.

இந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சர்வோ ஆக்சிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, கன்ட்ரோல் சொன்ன இடத்தில் அது இருப்பதில்லை. கொஞ்சம் பின்னால்தான் வந்துகொண்டிருக்கும். இது கோளாறு இல்லை, அது ஓடுவதே இதனால்தான். ஒரு கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் கொடுக்கும் கட்டளைப் பல்ஸ்களெல்லாம் பற்று. என்கோடர் திருப்பி அனுப்பும் பல்ஸ்களெல்லாம் வரவு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் நிற்கும் பாக்கிதான் பொசிஷன் எரர். அந்தப் பாக்கியை லூப் கெயின் என்ற எண்ணால் பெருக்கி, அதையே மோட்டாருக்கு வேகக் கட்டளையாகக் கொடுக்கிறது கன்ட்ரோல். பாக்கி இல்லையென்றால் வேகமும் இல்லை. வேகம் கூடினால் பாக்கியும் கூடித்தான் ஆக வேண்டும்.

எண்ணில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஃபேனக் கம்பெனியின் 0-ஐ (0i) வகை கன்ட்ரோலில் லூப் கெயினைப் பாராமீட்டர் 1825 வைத்திருக்கிறது. 3000 என்று பரவலாகக் காணப்படும் மதிப்புக்குப் பொருள், விநாடிக்கு 30. ரேபிட் வேகம் (வெட்டாமல் நகரும்போது உள்ள முழு வேகம்) நிமிடத்துக்கு 24 மீட்டர் என்றால் விநாடிக்கு 400 மி.மீ. அதை 30ஆல் வகுத்தால் 13.3 மி.மீ. அதாவது முழு ரேபிட்டில் மேசை, கட்டளைக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. 300 ஃபீடில் (நிமிடத்துக்கு 300 மி.மீ.) வெட்டும்போது இதே பாக்கி 0.17 மி.மீ.தான். பாக்கி சேரும்வரை காத்திராமல் வேகக் கட்டளையை முன்கூட்டியே கொடுக்கும் ஃபீட் ஃபார்வர்டு போட்டிருந்தால் இன்னும் குறையும். ஆக்சிஸ் நின்றதும் பாக்கி தீர்ந்து, பூஜ்யத்தை ஒட்டி ஒன்றிரண்டு பல்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்.

சரி, பாக்கிக்கு ஒரு வரம்பு வேண்டுமே. ஃபேனக்கில் ஓடும்போது உள்ள வரம்பு பாராமீட்டர் 1828, நிற்கும்போது உள்ள வரம்பு 1829. முதலாவது மீறினால் 411, இரண்டாவது மீறினால் 410. 1828க்கான கணக்கு எளிது: முழு ரேபிட்டில் இயல்பாக நிற்கும் பாக்கியைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் 20 சதவீதம் சேர்த்துக்கொள்வது. மேலே சொன்ன மெஷினில் ஒரு பல்ஸ் ஒரு மைக்ரான் என்றால் 13,333 பல்ஸ், 1.2ஆல் பெருக்கினால் 16,000. பழைய 0-சி கன்ட்ரோல்களில் அலாரத்தின் நடு இலக்கம் ஆக்சிஸ் எண்ணாக இருக்கும்: 410, 411 முதல் ஆக்சிஸ், 420, 421 இரண்டாவது. மற்ற கம்பெனிகளும் இதே விஷயத்தை வேறு எண்ணில் சொல்கின்றன. ஹாஸ் மெஷினில் எக்ஸ், ஒய், இசட்டுக்கு முறையே 103, 104, 105. மிட்சுபிஷியில் சர்வோ அலாரம் 52.

சீமென்ஸ் மட்டும் சற்று வேறு வழி. அதன் 25050 அலாரம் மொத்தப் பாக்கியைப் பார்ப்பதில்லை. இந்த வேகத்துக்கு இவ்வளவு பாக்கி இருக்க வேண்டும் என்று தானே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, உண்மையில் இருப்பது அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறது. அதனால் மெதுவான ஃபீடில்கூட ஆக்சிஸ் எங்காவது மாட்டினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல முறை. நின்றிருக்கும்போது நகர்ந்தால் அங்கே 25040.

அலாரம் வந்தவுடன் ரீசெட்டைத் தட்டுவதில்தான் பாதித் தடயம் அழிகிறது. 410ஆ 411ஆ, எந்த ஆக்சிஸ், எந்த இடத்தில், எந்தத் திசையில் போகும்போது, ரேபிட்டிலா வெட்டும்போதா, மெஷின் சூடான பிறகா குளிர்ந்திருக்கும்போதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் போதும். எழுதி வைத்த ஆபரேட்டர் இருக்கும் பட்டறையில் என் வேலை பாதி நேரத்தில் முடிந்திருக்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் வருகிறதா? கவரையும், ஆக்சிஸை நகர்த்தும் பால் ஸ்க்ரூவையும் பார்க்க வேண்டும். இடம் மாறி மாறி வருகிறதா? கேபிளைச் சந்தேகிக்கலாம். மேலே ஏறும்போது மட்டும் வருகிறதா? எடையைத் தூக்குவதில்தான் சிக்கல்.

அடுத்து சர்வோ மானிட்டர் திரை. பொசிஷன் எரர் அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும் (டயக்னாசிஸ் 300லும் பார்க்கலாம்), பக்கத்திலேயே மோட்டார் கரன்ட் சதவீதத்தில். வேகத்தைச் சதவீதத்தில் குறைக்கும் ரேபிட் ஓவர்ரைடை 25 சதவீதத்துக்கு இறக்கி, ஆக்சிஸை முழு நீளத்துக்கும் போக வர ஓட்டிக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். நம் உதாரண மெஷினில் 25 சதவீத ரேபிட் என்றால் பாக்கி 3,333ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் கரன்ட் 30லிருந்து 90க்குத் தாவினால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று ஆக்சிஸைப் பிடிக்கிறது. முழு நீளத்துக்கும் கரன்ட் அதிகம் என்றால் எண்ணெய், ஜிப் (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் தகடு), பிரேக், பேரிங் என்று போக வேண்டும்.

பிடிக்கிற அந்த 'ஏதோ ஒன்று' பல தடவை வெட்கப்படும் அளவுக்குச் சாதாரணமானது. டெலஸ்கோபிக் கவரின் ஒரு தகடு வளைந்து அடுத்த தகட்டில் இடிக்கும். கவருக்குப் பின்னால் சிப்ஸ் சேர்ந்து கூலன்ட்டோடு இறுகிக் கல் மாதிரி ஆகியிருக்கும். வார்ப்பிரும்பு வெட்டும் பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் களிம்புதான். கவரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும், செலவும் இல்லை. ஆனாலும் டிரைவை மாற்றிய பிறகுதான் பலருக்குக் கவர் ஞாபகம் வருகிறது.

இசட் ஆக்சிஸில் பிரேக் இருக்கும். சாய்வு பெட் லேத்தில் எக்ஸ் ஆக்சிஸிலும் இருக்கும். மின்சாரம் போனால் பிடித்துக்கொள்வதும், கொடுத்தால் விடுவதும் அதன் வேலை. பிரேக் காயிலுக்கு வோல்டேஜ் வராவிட்டாலோ குறைந்து வந்தாலோ மோட்டார் பிரேக்கோடு மல்லுக்கட்டி ஓடும். கரன்ட் எகிறும், மோட்டார் கொதிக்கும், 411 வரும். இப்போதைய மோட்டார்களில் பெரும்பாலும் 24 வோல்ட் டிசி, பழையவற்றில் 90 வோல்ட் டிசியும் உண்டு. பேனலில் 24 இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. மோட்டார் கனெக்டர் வரை அது போய்ச் சேருகிறதா என்று அங்கேயே அளக்க வேண்டும். எமர்ஜென்சியை விடுவிக்கும்போது மோட்டார் பக்கம் 'டிக்' என்று சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தும் கேட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இசட் மோட்டாரையோ பிரேக்கையோ தொடுவதற்கு முன் ஸ்பிண்டில் ஹெட்டுக்குக் கீழே நல்ல மரக்கட்டை கொடுத்து நிறுத்தியாக வேண்டும். மோட்டார் கழன்றால் பல நூறு கிலோ ஹெட்டைத் தாங்க வேறு எதுவும் இல்லை. பால் ஸ்க்ரூ தானாக நிற்காது, எடை வந்தால் சுழன்று இறங்கும். அதே போல, டிரைவின் சார்ஜ் விளக்கு முழுதாக அணையும் வரை டெர்மினலில் கை வைக்கக் கூடாது. மெயினை ஆஃப் செய்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் இருக்கும்.

மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலா என்று தீர்ப்புச் சொல்ல ஒரு பழைய வழி, மோட்டாரை, அதை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டிப் பார்ப்பது. தனியாக அமைதியாக ஓடினால் ஸ்க்ரூ பக்கம் போகலாம். பிரித்த கையோடு ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கே இறுகுகிறது, எங்கே கரகரக்கிறது என்று விரல் சொல்லிவிடும்.

தனியாக ஓடும்போதும் அலாரம் வந்தால், அப்போது எலக்ட்ரிக்கல். அதிலும் முதல் குற்றவாளி டிரைவ் இல்லை, கேபிள். கேபிள் செயினுக்குள் நாளெல்லாம் மடங்கி நிமிரும் பவர் கேபிளில் ஒரு ஃபேஸ் உள்ளுக்குள்ளேயே விட்டுப்போயிருக்கும். மேல்தோல் புதிதுபோலப் பளபளக்கும். ஆக்சிஸ் ஓர் இடத்தில் இருக்கும்போது தொடர்பு இருக்கும், நகர்ந்தால் விடும். டிரைவ் பக்கம் கேபிளைக் கழற்றி மூன்று ஃபேஸுக்கிடையேயும் ரெசிஸ்டன்ஸ் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கும்போதே ஒருவர் கேபிளை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் மெகர் வைத்து எர்த்துக்கு இன்சுலேஷன். டிரைவோடு சேர்த்து மெகர் போட்டால் டிரைவ் காலி, அதனால் கழற்றிவிட்டுத்தான். மோட்டார் கனெக்டரைத் திறந்தால் உள்ளே கூலன்ட் நிற்பதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ், ஒய் இரண்டுக்கும் ஒரே அளவு மோட்டாரும் டிரைவும் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. அலாரம் டிரைவோடு சேர்ந்து இடம் மாறினால் டிரைவ். அதே ஆக்சிஸில் தங்கினால் டிரைவ் நிரபராதி. காசு செலவழிக்கும் முன் இதைச் செய்துவிடலாம்.

410 வேறு ஜாதி. ஆக்சிஸ் நிற்கிறது, ஆனால் யாரோ அதைத் தள்ளுகிறார்கள். இசட்டில் கவுன்டர் வெயிட் சங்கிலியோ ஹைட்ராலிக் பேலன்ஸ் பிரஷரோ போயிருக்கலாம். ஆனால் நான் அதிகம் பார்த்தது நான்காவது ஆக்சிஸ் ரோட்டரி டேபிளில்தான். டேபிள் நின்றதும் கிளாம்ப் அதை இறுக்கிப் பிடிக்கும். பிடிக்கும் வேகத்தில் டேபிளைக் கொஞ்சம் இழுத்தும்விடும். சர்வோ தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், கிளாம்ப் விடாது. பாக்கி ஏறி 410. இதுவே கிளாம்ப் விடுவதற்கு முன்பே நகரக் கட்டளை போய்விட்டால் 411. ஒரே குற்றவாளி இரண்டு பெயரில் வருவார். இங்கே பார்க்க வேண்டியது கிளாம்ப் பிரஷர் ஸ்விட்ச், சோலினாய்டு வால்வு, லேடரில் (மெஷினின் பிஎல்சி புரோகிராம்) உள்ள டைமர். அனலாக் டிரைவ் உள்ள பழைய மெஷின்களில் ஆஃப்செட் விலகினாலும், நின்ற ஆக்சிஸ் கொஞ்சம் தள்ளி நின்று பாக்கி காட்டும். அதற்கு ஒரு சின்ன திருகைத் திருப்பினால் போதும்.

அலாரமே வராத கோளாறு ஒன்றும் உண்டு. பெரும்பாலான மெஷின்களில் என்கோடர் மோட்டாரின் பின்பக்கம் இருக்கிறது. கன்ட்ரோலுக்குத் தெரிந்தது மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பது மட்டும்தான். கப்ளிங் நழுவினால் மோட்டார் சுற்றும், மேசை அந்த அளவுக்கு நகராது, ஆனால் கணக்கு நோட்டில் பாக்கி சரியாகத் தீர்ந்திருக்கும். அலாரம் வராது. சைஸ்தான் மாறும், பார்ட் ரிஜெக்ட் ஆகும், பாவம் ஆபரேட்டர் திட்டு வாங்குவார். மேசையிலேயே கண்ணாடி ஸ்கேல் வைத்த மெஷின் என்றால் இதே நழுவல் உடனே பாக்கியாகத் தெரிந்து அலாரம் வரும். ஆக, மோட்டார் என்கோடர் மெஷினில் அலாரம் இல்லாமல் சைஸ் ஓடினால் டயல் கேஜை எடுத்துக்கொண்டு கப்ளிங் பக்கம் போகலாம். ஸ்டெப்பர் மோட்டார் போட்ட மலிவு ரெட்ரோஃபிட்டுகள் பலவற்றில் இந்த நோட்டே கிடையாது. ஸ்டெப் தவறினால் யாருக்கும் தெரியாது. 1952ல் அமெரிக்காவின் எம்ஐடி எண்-கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினைச் செய்து காட்டியது. அதை உருவாக்கிய கூடத்தின் பெயரே சர்வோமெக்கானிசம்ஸ் லேபரட்டரி. போன இடத்தை அளந்து திருப்பிச் சொல்வதுதான் அன்று முதல் இந்தத் தொழிலின் உயிர்.

இப்போது குறுக்கு வழி. '1828ஐ இரட்டிப்பாக்கிவிடு, அலாரம் வராது' என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடனை அடைக்காமல் கடன் வரம்பை மட்டும் உயர்த்துகிற வேலை இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 ஃபீடில் போகும் ஆக்சிஸ் விநாடிக்கு 16.7 மி.மீ. நகர்கிறது, இயல்பான பாக்கி 0.56 மி.மீ. டூல் ஹோல்டர் வைஸில் முட்டி ஆக்சிஸ் நின்றுவிட்டது என்று வையுங்கள். வரம்பு 16 மி.மீ. என்றால் பாக்கி அதைத் தொட 0.9 விநாடிக்கு மேல் ஆகும். அதுவரை மோட்டார் விடாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும். வரம்பை 32 ஆக்கினால் ஏறக்குறைய 1.9 விநாடி. அந்தக் கூடுதல் ஒரு விநாடியை ஸ்பிண்டில் பேரிங்கும் பால் ஸ்க்ரூ நட்டும்தான் தாங்க வேண்டும். முட்டலைச் சீக்கிரம் பிடிக்க ஃபேனக்கில் தனியாக ஒரு வசதி உண்டு. வழக்கத்துக்கு மாறான டார்க் வந்தால் 409 கொடுக்கும். அது இருந்தால் அதைச் சரியாக அமைப்பது நல்லது.

1828ஐ மாற்றுவது நியாயமான சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 30 மீட்டர் ரேபிட், கெயின் 50 உள்ள மெஷினில் பாக்கி 10 மி.மீ., வரம்பு 12 மி.மீ. அதிர்வு வருகிறது என்று யாரோ கெயினை 30க்கு இறக்கி, வரம்பை அப்படியே விட்டுவிட்டார் என்றால், முழு ரேபிட்டில் பாக்கி 16.7 மி.மீ. வரை போக வேண்டும். ஒவ்வொரு நீண்ட ரேபிட்டிலும் 411. ஓவர்ரைடை 50 சதவீதத்துக்கு இறக்கினால் 8.3 மி.மீ., அலாரம் இல்லை. அலாரம் வேகத்தோடு மட்டும் கட்டுண்டு, கரன்ட் சாதாரணமாக இருந்தால், யார் கடைசியாகப் பாராமீட்டரைத் தொட்டது என்று கேளுங்கள். கெயினை ஒரு ஆக்சிஸில் மட்டும் மாற்றியிருந்தால் வட்டம் வெட்டும்போது நீள்வட்டமும் வந்திருக்கும்.

அந்தக் கோவை மெஷினுக்கு வருகிறேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே போய், மெயின் போட்டதும் இசட்டை 25 சதவீத ரேபிட்டில் ஏற்றி இறக்கினோம். கரன்ட் முழு நீளத்துக்கும் 80ஐச் சுற்றி நின்றது. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு 45. ஒரே இடத்தில் தாவவில்லை, ஆக கவர் இல்லை. பிரேக்கில் 24 வோல்ட் சரியாக இருந்தது. ஹெட்டின் ஸ்லைடைத் துணியால் துடைத்துப் பார்த்தால், ஒரு பக்கம் எண்ணெய், மறு பக்கம் துணி காய்ந்தே வந்தது. லூப்ரிகேஷன் பம்ப் நன்றாகத்தான் வேலை செய்தது, டேங்க் நிறைய எண்ணெய். மெஷினின் செங்குத்துத் தூணுக்குப் பின்னால் போகும் நைலான் எண்ணெய்க் குழாய் ஒன்றை, எப்போதோ கேபிள் கட்டியவர் டை போட்டு இறுக்கியிருந்தார். அதன் வழியே எண்ணெய் கசிவதுபோல்தான் போனது. இரவெல்லாம் நின்றதில் ஸ்லைடு காய்ந்துவிடும், காலையில் மோட்டார் உலர்ந்த ஸ்லைடோடு போராடும், ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை பம்ப் அடித்தால் படலம் வந்துவிடும்.

டையை வெட்டி, குழாயில் ஒரு சாண் நீளத்தை மாற்றினோம். மறுநாள் காலை ஆபரேட்டர் போனில் கரன்ட் சொன்னார்: 40. கழற்றிய பழைய டிரைவ் அந்தப் பட்டறை அலமாரியில் இன்னும் 'ஃபால்ட்டி' என்ற சீட்டோடு இருக்கிறது. அதில் எந்தக் கோளாறும் இல்லை.